அடுத்த கப்பல்

லண்டனுக்குப் போக வேண்டியவர் அப்துல் வஹீத் சாயபுதான். ஆம்பூரில் அவருடைய தோல் ஷாப்பில் ஆவாரம்பட்டை போட்டுப் பதப்படுத்திய ஆட்டுத்தோல், கட்டுக்கட்டாகக் கப்பலேறி லண்டன் ஏலத்துக்குப் போகும். ஒரு வருஷமாக அங்கே அவர் சரக்குக்கு மட்டும் விலை கம்மியாகவே விழுந்தது. தரகர்கள் எழுதிய காரணங்களை அவர் நம்பவில்லை. நேரில் போய் ஏலத்தில் உட்கார்ந்து பார்த்துவிடுவது என்று தீர்மானித்து, பயணத்துக்கு எல்லாம் தயாரான சமயத்தில் அவருடைய தகப்பனாருக்குப் பக்கவாதம் கண்டுவிட்டது.

அப்போதுதான் ஆபீசில் கணக்கும் கடிதமும் பார்த்துக்கொண்டிருந்த முனிரத்தினத்தைக் கூப்பிட்டார்.

"இங்கிலீஷ் என்னைவிட உனக்குத்தான் ஜாஸ்தி தெரியும். ஆனா உன் வீட்டுல இப்போ இருக்கிற நிலைமையில... யோசிச்சு சொல்லுப்பா. முடியாதுன்னா ரத்தினசாமிய அனுப்பறேன். ஒண்ணும் பேஜார் இல்ல."

முனிரத்தினம் யோசிக்கவே இல்லை. "நானே போறேன் பாய்" என்றான்.

ஆனால் வீட்டில் அப்படிச் சொல்லவில்லை. கல்யாணமாகி ஆறு வருஷத்துக்குப் பிறகு சம்பூர்ணத்துக்கு முதன்முதலாக வயிற்றில் ஒன்று தங்கி, அஞ்சு மாதம் நடந்துகொண்டிருந்தது. அவளிடம், "சாயபு கட்டாயப்படுத்தறாரு. மாட்டேன்னு எப்படிச் சொல்றது?" என்றான்.

சம்பூர்ணத்துக்குப் பிரசவம் என்றாலே குலை நடுங்கும். அவள் அக்கா குடியாத்தத்தில் வீட்டிலேயே வலி எடுத்து, மருத்துவச்சி கையைப் பிசைந்துகொண்டு நிற்க, இரண்டாம் நாள் செத்துப்போனவள். அதனால் இந்தப் பிரசவம் வேலூர் மிஷன் ஆஸ்பத்திரியில்தான் என்று இருவரும் பேசி வைத்திருந்தார்கள். முனிரத்தினத்தின் அம்மா செல்லம்மாளுக்கு அதில் இஷ்டமில்லை. ஆஸ்பத்திரி என்றால் அறுத்துவிடுவார்கள் என்பது அவள் எண்ணம்.

"உங்கம்மா விடமாட்டாங்க. நீங்க இருந்தாத்தான் நடக்கும்" என்றாள் சம்பூர்ணம்.

"ஆடிப்பெருக்குக்கு நான் இங்க இருப்பேன். நானே கூட்டிட்டுப் போறேன்" என்றான் முனிரத்தினம். அவள் கையைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னான். சித்திரையில் கொழும்பில் கப்பலேறினான்.

சாயபு கஞ்சர் அல்ல. ஆனாலும் விலை விழுந்த வருஷம். அவர் கொடுத்தனுப்பியது ஆம்பூரில் ஒரு குடும்பம் தாராளமாகச் சாப்பிடக்கூடிய பணம். லண்டனில் அது ஒரு மனுஷனுக்கே இழுபறியாக இருந்தது. துறைமுகத்தின் பக்கம், முன்பு கப்பலில் அடுப்படி வேலை பார்த்த ஒரு வங்காளி நடத்திய விடுதியில், நாலு பேர் படுக்கும் அறையில் அவனுக்கு ஒரு கட்டில் கிடைத்தது. காலையில் ரொட்டி, மத்தியானம் வாழைப்பழம், ராத்திரி வங்காளி போடும் சோறும் பருப்பும். தோல் ஏலம் நடக்கும் இடத்துக்கு ஆற்றைக் கடந்து நடந்தே போவான், நடந்தே வருவான்.

அந்த ஊரில் மூச்சு விடுவதைத் தவிர எல்லாவற்றுக்கும் காசு. ஒரு நாள் மழைக்கு ஒதுங்கி ஒரு டீக்கடைக்குள் நுழைந்தான். சலவைக்கல் மேஜை, மூலையில் ஒருத்தர் பிடில் வாசித்துக்கொண்டிருந்தார். மேஜைமேல் இருந்த அட்டையில் ஒரு டீயின் விலையைப் பார்த்ததும், சிநேகிதர் ஒருவரைத் தேடி வந்ததுபோல நாலு பக்கமும் பார்த்துவிட்டு வெளியே வந்து மழையில் நின்றான். இன்னொரு நாள் பெரிய பூங்கா ஒன்றில் துணிநாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தான். ஐந்து நிமிஷம் ஆகவில்லை, தோளில் பை மாட்டிய ஒருவன் வந்து நாற்காலிக்கு வாடகை கேட்டான். முனிரத்தினம் எழுந்து புல்தரையில் போய் உட்கார்ந்துகொண்டான். புல்லுக்கு யாரும் கேட்கவில்லை.

ஆனி பிறந்த கொஞ்ச நாளிலேயே வேலை முடிந்துவிட்டது. மூன்று ஏலம் பார்த்ததில் விஷயம் புரிந்தது. சாயபுவின் கட்டுகளில் முதல் தரத் தோலுக்கு நடுவே மட்டமான தோலும் கலந்திருந்தது. வாங்குகிறவன் இரண்டு கட்டை அவிழ்த்துப் பார்த்து, மொத்தத்துக்கும் மட்டமான தோலின் விலையைக் கேட்டுவிடுகிறான். அவ்வளவுதான். அதைச் சொல்லித் தரகர் ஆபீசில் விடைபெறப் போனபோது அங்கிருந்த வயதான குமாஸ்தா, "வெள்ளிக்கிழமை கப்பலில் ஓர் இடம் காலியாக இருக்கிறது, எழுதிக்கொள்ளட்டுமா?" என்று கேட்டார்.

அந்தக் கப்பலில் ஏறினால் ஆடிப்பெருக்குக்கு ஒரு வாரம் முன்பே ஆம்பூரில் இருக்கலாம்.

முனிரத்தினம் வாயைத் திறந்தான். "இன்னும் ஓர் ஏலம் பார்க்க வேண்டியிருக்கிறது. அடுத்த கப்பலில் போகிறேன்" என்று அவன் வாய் சொல்லிற்று. சொன்ன பிறகுதான் அவனுக்கே தெரிந்தது, தான் அப்படிச் சொல்லப் போகிறோம் என்பது. அடுத்த கப்பல் இரண்டு வாரம் கழித்து. வெளியே வந்து நேராகத் தந்தி ஆபீசுக்குப் போனான். 'வேலை முடியவில்லை. அடுத்த கப்பலில் வருகிறேன்' என்று சாயபுவுக்குத் தந்தி அடித்தான்.

ஏன் அப்படிச் செய்தான் என்று கேட்டால் அவனால் அன்றைக்கும் சொல்ல முடிந்திருக்காது. குடியாத்தத்தில் தறிக்காரர் வீட்டில் பிறந்தவன். அப்பா சாகும்போது பதினாலு வயது. அன்று முதல் யாருக்காவது பதில் சொல்லாமல் ஒரு பகலைக் கழித்ததில்லை. இங்கே பாலத்தின்மேல் நின்றால், போகிற வருகிற ஆயிரம் பேரில் ஒருவனுக்கும் அவன் யாரென்று தெரியாது. பிரசவத்துக்குத்தான் நாள் இருக்கிறதே, கடைசியில் எப்படியும் போய்ச் சேர்ந்துவிடுவோம் என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டான்.

கையில் மிச்சமிருந்ததை இரண்டு வாரத்துக்கு நீட்ட வேண்டியிருந்தது. ராத்திரிச் சோற்றை நிறுத்தினான். ஒரு ரொட்டியை இரண்டு வேளைக்கு வைத்துக்கொண்டான். பசித்த வயிற்றோடு நாளெல்லாம் நடந்தான். ஒன்பது மணிக்கும் வெளிச்சம் போகாத அந்த ஊர் சாயங்காலங்களில், பூங்காவில் பாண்டு வாசிப்பார்கள்; வேலிக்கு வெளியே புல்லில் மல்லாந்து படுத்துக் கேட்பான். காசு வாங்காத சித்திரசாலை ஒன்று இருந்தது. மழை பெய்தால் அங்கே போவான். ஒரு கூடத்தில், குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ஒருத்தி குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும் படம். அதன் முன்னால் நின்றபோது சம்பூர்ணத்தின் நினைப்பு வந்து நெஞ்சைக் குத்தியது. கொஞ்ச நேரம் நின்றான். பிறகு அடுத்த கூடத்துக்குப் போய்விட்டான்.

முப்பது வயதுக்கு அவன் அவ்வளவு சந்தோஷமாக இருந்த நாட்கள் வேறு இல்லை.

ஆம்பூர் ஸ்டேஷனில் ரயிலை விட்டு இறங்கியபோது சாயபுவே வந்து நின்றுகொண்டிருந்தார். முதலாளி ஸ்டேஷனுக்கு வருவதா என்று முனிரத்தினம் கூச்சத்தோடு சிரித்தான். சாயபு சிரிக்கவில்லை. அவன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதார்.

"நான் உன்னை அனுப்பியிருக்கக் கூடாதுப்பா. பாவி நான்."

ஆடிப்பெருக்குக்கு மறுநாள் சம்பூர்ணத்துக்கு வலி எடுத்திருக்கிறது. வேலூருக்குப் போகணும் என்று அவள் கதறியிருக்கிறாள். "அவன் வரட்டும், வந்து சொல்லட்டும், நான் அனுப்ப மாட்டேன்" என்று செல்லம்மாள் பிடிவாதமாக இருந்துவிட்டாள். ஒரு பகலும் ஒரு ராத்திரியும் போயிற்று. மறுநாள் சாயபுவின் சம்சாரம் சங்கதி கேட்டுப் பதறிப்போய்ச் சொல்ல, சாயபு மோட்டாரைக் கொண்டுவந்து நிறுத்தினார். செல்லம்மாளைச் சத்தம்போட்டு விலக்கிவிட்டு, டிரைவர் அந்தோணியும் அவருமாகச் சம்பூர்ணத்தைக் கட்டிலோடு தூக்கிவந்து வண்டியில் படுக்க வைத்தார்கள். டாக்டரம்மா அவள் உயிரைத்தான் காப்பாற்ற முடிந்தது. பிள்ளை உள்ளேயே போய்விட்டது. ஆண்பிள்ளை.

"என் வேலைக்காகத்தானே நீ அங்க நின்ன" என்றார் சாயபு. "என் ஏலம், என் தோலு. அல்லா என்னை மன்னிக்கணும்."

இல்லை பாய், வேலை முன்னாடியே முடிஞ்சுபோச்சு. இந்த ஒரு வரியைச் சொல்ல வேண்டிய இடம் அதுதான். முனிரத்தினத்தின் தொண்டைவரை வந்தது. வண்டிக்காரர்களும் கூலிக்காரர்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். அன்று சொல்லாதது மறுநாள் இன்னும் கனமாகிவிட்டது. ஒரு வாரம் போனபின் தூக்கவே முடியவில்லை.

சம்பூர்ணம் ஒரு மாதம் கழித்து வீட்டுக்கு வந்தாள். எலும்பும் தோலுமாக இருந்தவள், இவன் இளைத்திருப்பதைப் பார்த்து அழுதாள்.

"வயித்துக்குக் கூடக் குடுக்காம நிறுத்தி வெச்சிட்டாங்களா உங்கள? அங்க பட்டினி போட்டு, இங்க எம் புள்ளயக் கொன்னு... எப்படிப்பட்ட மனுஷன் அவரு!"

அவன் தட்டில் அவள் ஒரு கரண்டி கூடப் போட்டாள். முனிரத்தினத்துக்கு அந்தச் சோறு இறங்கவில்லை. அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்கவும் முடியவில்லை. பிள்ளையைப் பற்றிய பேச்சை அவள் தொடங்கினால், ஷாப்பில் ஏதோ வேலை என்று எழுந்து போய்விடுவான்.

செல்லம்மாள் அந்த நாளிலிருந்து பேச்சைக் குறைத்துவிட்டாள். ஆனால் சம்பூர்ணத்தின் கோபம் மாமியார்மேல் நிற்கவில்லை. "அவங்களுக்கு இன்னா தெரியும், பழைய காலத்து மனுஷி. தெரிஞ்சவரு அவருதானே? புள்ளத்தாச்சி வீட்டு ஆம்பளயக் கடல் தாண்டி நிறுத்தி வெக்கலாமா?" என்பாள். சாயபு வீட்டு அம்மா இரண்டு தடவை வந்து பார்த்தார்கள். சம்பூர்ணம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். பிரசவ வலியில் கிடந்தவளுக்காகப் பதறிய மனுஷி, வாசலோடு திரும்பிப் போனார்கள்.

மாசி மாதம் நோன்பு வந்தது. ஒவ்வொரு வருஷமும் நோன்பு மாதத்தில் சாயபு வீட்டிலிருந்து முனிரத்தினம் வீட்டுக்குச் சாயங்காலம் தவறாமல் கஞ்சி வரும். இஞ்சியும் வெந்தயமும் போட்ட அந்தக் கஞ்சி என்றால் சம்பூர்ணத்துக்கு உயிர். இந்த வருஷம் முதல் நாள் வந்ததைத் திருப்பி அனுப்பினாள். இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் சாயபுவே தூக்குப் பாத்திரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார். நோன்பில் உதடு காய்ந்திருந்தது.

"சம்பூர்ணம், என்மேல கோபம் இருக்கட்டும்மா. கஞ்சிமேல வேணாம்."

உள்ளேயிருந்து அவள் குரல் வந்தது. "எம் புள்ளயத் தின்ன வீட்டுக் கஞ்சி எனக்கு வேணாம்."

தெருவில் போனவர்கள் நின்றுவிட்டார்கள். முனிரத்தினம் கதவோரம் நின்றிருந்தான். சாயபு அவனைப் பார்க்கவில்லை. "நீ சொல்றது சரிதாம்மா" என்று மெல்லச் சொன்னார். பாத்திரத்தை எடுத்துக்கொண்டு வெயிலில் திரும்பி நடந்தார். ஐம்பது வயதுதான், ஆனால் அன்றைக்குக் கிழவர்போல் நடந்தார்.

முனிரத்தினம் உள்ளே வந்து அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தான்.

"அவரு நிறுத்தி வெக்கல."

"இன்னா?"

"வேலை முடிஞ்சுபோச்சு. முன்னாடி கப்பல்ல இடம் இருந்தது. ஏறியிருந்தா ஆடிப்பெருக்குக்கு முன்னாடியே வந்திருப்பேன். நாந்தான் ரெண்டு வாரம் கழிச்சு அடுத்த கப்பல்ல வர்றேன்னு சொன்னேன். சாயபு போகச் சொல்லிக் கட்டாயப்படுத்தவும் இல்ல. ரத்தினசாமிய அனுப்பறேன்னுதான் சொன்னாரு. நானேதான் கேட்டுப் போனேன்."

அடுப்பில் எரிந்துகொண்டிருந்த விறகை அவள் வெளியே இழுத்துத் தண்ணீர் தெளித்து அணைத்தாள்.

"அந்த ரெண்டு வாரம் அங்க இன்னா பண்ணீங்க?"

"ஊரு சுத்தினேன்."

"காசு?"

"இல்ல. நடந்தேதான். ரொட்டி தின்னேன். உக்காந்தாக்கூட நாற்காலிக்குக் காசு கேப்பான். புல்லுல படுத்துப் பாட்டு கேப்பேன்."

"பட்டினி கிடந்து ஊரு பாத்தீங்க."

"ஆமா."

"சந்தோஷமா இருந்தீங்களா?"

இதற்கு மட்டுமாவது பொய் சொல்லலாம் என்று அவனுக்குத் தோன்றியது. அவள் கண் அவன்மேலேயே இருந்தது.

"இருந்தேன்" என்றான்.

அவள் அழுவாள், அடிப்பாள் என்று காத்திருந்தான். அவள் எழுந்து புடைவையை உதறிக்கொண்டாள். "போங்க. போய் அந்தக் கஞ்சிய வாங்கிட்டு வாங்க. இன்னாத்துக்கு நான் வேணாம்னேன், இப்போ இன்னாத்துக்குக் கேக்கறேன், எல்லாத்தையும் சொல்லி வாங்கிட்டு வாங்க."

சாயபு வீட்டுக்கு அவன் போனபோது நோன்பு திறக்கும் நேரம். முன்கூடத்தில் பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். வெளியே நின்று காத்திருந்தான். தொழுகை முடிந்து சாயபு வந்ததும், எதையும் குறைக்காமல் சொன்னான். சொல்லச் சொல்ல அவர் முகம் இறுகிக்கொண்டே போனது.

"ஆறு மாசம்" என்றார் கடைசியில். "ஆறு மாசமா நான் அஞ்சு வேளையும் அந்தப் புள்ளைக்காக மன்னிப்பு கேட்டுட்டு இருந்தேன். நீ ஆபீஸ்ல என் எதிரிலதான் உக்காந்திருந்தே."

"பாய்..."

"பேசாதே."

அவர் உள்ளே போனார். வெகுநேரம் வரவில்லை. வந்தபோது கையில் தூக்குப் பாத்திரம் இருந்தது. "இது சம்பூர்ணம் கேட்டது. அதுக்காகத் தர்றேன். நாளையிலேர்ந்து என் பேர்ல தந்தி, கடிதம் எதுவும் நீ தொட வேணாம். கிடங்குல போய் கட்டு எண்ணு." படியிறங்கப் போனவனை மறுபடி நிறுத்தினார். "காலையில மோட்டார் வரும். ரெண்டு பேரும் தயாரா இருங்க."

எங்கே என்று கேட்க அவனுக்குத் தைரியமில்லை.

மோட்டார் வேலூரைத் தாண்டிப் பாலாற்றங்கரையில் போய் நின்றது. சாயபு முன்னால் நடந்தார். பின்னால் அந்தோணி, அவனுக்குப் பின்னால் இவர்கள் இருவரும். ஆறு முழுக்க மணல்தான். ஓரத்தில் நூலாகத் தண்ணீர் ஓடியது. ஒரு கருவேல மரத்துக்கு எதிரே வந்து சாயபு நின்றார். இரண்டடி இந்தப் பக்கம், நாலடி அந்தப் பக்கம் என்று அலைந்தார்.

"இங்க எங்கயோதான். அந்தோணி குழி வெட்டினான். நான்தான் இறக்கினேன். அதுக்கு ஆம்பளன்னு வேற யாரும் இல்லையே" என்றார். "அடையாளத்துக்கு ஒரு கல்லு வெச்சோம். ஐப்பசி வெள்ளத்துல மணல் மாறிப்போச்சு."

அந்தோணி நாலைந்து இடத்தில் காலால் மணலைத் தள்ளிப் பார்த்தான். கல் இல்லை.

சம்பூர்ணம் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். மயக்கத்தில் கிடந்த அவளும் பிள்ளையைப் பார்க்கவில்லை. ஒரு கைப்பிடி மணலை அள்ளி மடியில் போட்டுக்கொண்டு, ஆறு மாதத்துக்குப் பிறகு முதல்முறையாகச் சாயபுவின் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

"பாய், அது யாரு ஜாடை?"

"முடி ஜாஸ்திம்மா. நெத்தியெல்லாம் முடி. மூக்கும் தாடையும்..." முனிரத்தினத்தைப் பார்க்காமலே சொன்னார், "அவங்க அப்பன்தான். அப்படியே."

முனிரத்தினம் மணலில் முழங்காலிட்டு, எந்த இடம் என்று தெரியாமல் இரண்டு கையாலும் மணலை அணைத்துப் பிடித்துக்கொண்டு அழுதான். லண்டனிலிருந்து வந்தது முதல் அவன் அழுதது அதுதான். சாயபு அந்தோணியை அழைத்துக்கொண்டு கரையேறிப் போய்விட்டார்.

அவன் அழுது ஓயும்வரை சம்பூர்ணம் காத்திருந்தாள். தொடவில்லை.

"ஆறு மாசம் ஆச்சு" என்றாள். "யாரு ஜாடைன்னு நீங்க ஒரு தடவகூடக் கேக்கல. அதுதான் எனக்கு இன்னான்னே புரியாம இருந்தது. இப்போ புரியுது."

வெயில் ஏறியதும் எழுந்து, அவன் வருகிறானா என்று திரும்பிப் பார்க்காமல் மோட்டாரை நோக்கி நடந்தாள். அன்று சாயங்காலம் அவளே சாயபு வீட்டுக்குப் போய், அந்த அம்மாளோடு அடுக்களையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தாள். முனிரத்தினம் கிடங்கில் தோல்கட்டு எண்ணிவிட்டு இருட்டும் வேளையில் வீடு திரும்பினான். அவனுக்குச் சோறு எடுத்து மூடி வைத்திருந்தது. அவள் போட வரவில்லை. அவனே போட்டுச் சாப்பிட்டான்.